மமாக் கடை மேகி கோரேங்: வீட்டு அடுப்பில் உதிரியாக வருவதற்கு

கோலாலம்பூரிலோ பினாங்கிலோ இரவு 11 மணிக்கு ஒரு மமாக் கடையில் உட்கார்ந்து ‘மேகி கோரேங் ஒன்னு, தெலோர் மாத்தா போட்டு’ என்று, அதாவது மேலே ஒரு பொரித்த முட்டையோடு, சொன்னால், தே தாரிக் எனும் பால் தேநீர் ஆறுவதற்குள் தட்டு வந்துவிடும். செக்கச்செவேலென்று, எண்ணெய் மினுமினுப்போடு, இழை இழையாகப் பிரிந்து, ஓரங்களில் லேசாகக் கருகிய வாசனையோடு இருக்கும். அதே பாக்கெட்டை வாங்கிவந்து வீட்டில் வறுத்தால் பெரும்பாலும் கிடைப்பது மிளகாய் போட்ட கூழ். கடைக்காரரிடம் ரகசிய மசாலா எதுவும் கிடையாது. மீயை, அதாவது நூடுல்ஸை, அரை வேக்காட்டில் எடுத்துவிடுகிறார், சட்டியில் தண்ணீரைத் தங்க விடுவதில்லை. இந்த இரண்டும் கைவந்தால் மீதி எல்லாம் சில்லறை வேலை.

‘மீ’ ஹொக்கியன் சீனத்திலிருந்து வந்த சொல், ‘கோரேங்’ மலாய் மொழியில் வறுவல், ‘மமாக்’ நம்முடைய ‘மாமா’. கடையநல்லூர், இராமநாதபுரம் பக்கமிருந்து போன தமிழ் முஸ்லிம்கள் அங்கே நடத்திய ஒட்டுக்கடைகளில் மஞ்சள் மீயை வைத்து மீ கோரேங் வறுத்தார்கள். மேகி கோரேங் அதே கைப்பக்குவம்தான். மீ மட்டும் பாக்கெட்டுக்கு மாறியது. ஆனால் இரண்டையும் ஒரே மாதிரி கையாள முடியாது. மஞ்சள் மீ கடையிலேயே வெந்து எண்ணெய் பூசி வரும், அப்படியே சட்டியில் தள்ளலாம். பாக்கெட் மீ காய்ந்த கட்டி. அதை எந்தப் பதத்தில் சட்டிக்குள் கொண்டுபோகிறோம் என்பதில்தான் பலருக்குச் சறுக்குகிறது.

1958இல் ஜப்பானில் மொமொஃபுகு ஆண்டோ விற்பனைக்குக் கொண்டுவந்த உடனடி நூடுல்ஸின் சூட்சுமம் எண்ணெயில் பொரிப்பது. ஆவியில் வெந்த மீயைக் கொதிக்கும் எண்ணெயில் போட்டதும் உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகித் தெறித்து வெளியேறும். அது போன வழியெல்லாம் இழைக்குள் நுண்ணிய துளைகளாக நிற்கும். வெந்நீர் அந்தத் துளைகளில் புகுவதால்தான் இரண்டே நிமிடத்தில் மெத்தென்று ஆகிவிடுகிறது. மேகி கோரேங் செய்கிறவர் கவனிக்க வேண்டியது இதைத்தான். துளைகள் முழுக்க வெறும் தண்ணீரால் நிரம்பிவிட்டால் சாஸுக்கு உள்ளே இடமில்லை. அது வெளியே வழிந்து தட்டில் தேங்கும், மீ உள்ளுக்குள் சப்பென்று இருக்கும். பாதித் துளைகளைக் காலியாக விட்டு எடுத்தால் மிளகாயும் கிச்சாப்பும் (இனிப்பு சோயா சாஸ்) இழைக்குள்ளேயே இறங்கும்.

என்னென்ன, எவ்வளவு

கடையில் சாதாரணத் தட்டுக்கு ஒரு கட்டி, ‘டபுள்’ என்றால் இரண்டு கட்டி. கீழே உள்ள அளவு ஒரு டபுளுக்கு. நல்ல பசிக்காரர் ஒருவர் முடித்துவிடுவார், இரண்டு பேர் பகிர்ந்துகொள்ளலாம்.

கறி சுவை மீ 2 பாக்கெட். சிறிய உருளைக்கிழங்கு 1, முக்கால் பதத்துக்கு வேகவைத்து ஒரு சென்டிமீட்டர் துண்டுகளாக. பொரித்த டோஃபு ஒரு கட்டி, அதே அளவுத் துண்டுகளாக. உரித்த இறால் 8, அல்லது எலும்பில்லாத கோழி 80 கிராம். தக்காளி 1, நாலாக வெட்டியது. பெரிய வெங்காயம் பாதி, தடிமனாக நீளவாக்கில். பூண்டு 3 பல், நசுக்கியது. சாவிக் கீரை (கடுகுக் கீரை வகை) ஒரு கைப்பிடி, தண்டும் இலையும் தனித்தனியாக. தவுகே (நீளமாக வளர்ந்த பச்சைப்பயறு முளை) ஒரு கைப்பிடி. முட்டை 2. எண்ணெய் 2 மேசைக்கரண்டி. கடைசியில் பிழிய கஸ்தூரி லீமாவ் (சிறு எலுமிச்சை வகை) 2.

சாஸை ஒரு சின்னக் கிண்ணத்தில் முன்கூட்டியே கலந்து வைத்துக்கொள்ள வேண்டும்: கிச்சாப் மானிஸ் 1 மேசைக்கரண்டி, சாதாரண சோயா சாஸ் 1 தேக்கரண்டி, தக்காளி சாஸ் 1 மேசைக்கரண்டி, தண்ணீர் 3 மேசைக்கரண்டி, இதோடு பாக்கெட்டிலுள்ள மசாலாத் தூள் ஒன்றே ஒன்று. இரண்டு பாக்கெட் மீக்கு ஒரு தூள்தான். இரண்டையும் கொட்டினால் சோயா சாஸிலுள்ள உப்பும் சேர்ந்து வாயில் வைக்க முடியாது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. மசாலாத் தூள் ஒன்றே அதில் கணிசமான பங்கை எடுத்துக்கொள்ளும். மிஞ்சுகிற தூளை எடுத்து வைத்தால் இன்னொரு நாள் முட்டைப் பொரியலுக்கு ஆகும்.

தூளை நேராகச் சட்டியில் தூவக் கூடாதா என்றால், கூடாது. அதில் மஞ்சளும் மிளகாயும் மல்லியும் மாவாக இருக்கின்றன. காய்ந்த இரும்பில் விழுந்த சில நொடிகளில் கருகிக் கசக்கும். கருகாமல் தப்பினால் ஈர மீயில் ஒட்டி அங்கங்கே கட்டியாக நிற்கும். தண்ணீரில் கரைத்து ஊற்றினால் இரண்டு தொல்லையும் இல்லை.

மிளகாய் விழுது: இதை அவசரப்படுத்த முடியாது

வறுப்பது 6 நிமிட வேலை. அந்த 6 நிமிடம் சாத்தியமாவது இந்த விழுது தயாராக இருப்பதால்தான். ஒருநாள் செய்து வைத்தால் நாலைந்து தட்டுக்கு வரும்.

காய்ந்த மிளகாய் 15 எடுத்து, கத்தரியால் நறுக்கி, விதையை உதறிவிடுங்கள். விதை தங்கினால் காரம் கூடும், நிறம் மங்கும், விழுது நரநரவென்று இருக்கும். வெந்நீரில் 20 நிமிடம் ஊறியதும் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, சின்ன வெங்காயம் 6, பூண்டு 4 பல் சேர்த்து, மிக்ஸி சுற்றுவதற்கு வேண்டிய தண்ணீர் மட்டும் விட்டு மைய அரையுங்கள். 4 மேசைக்கரண்டி எண்ணெயைக் காயவைத்து விழுதைப் போட்டு, சிறு தீயில் 10 முதல் 12 நிமிடம் கிளற வேண்டும். முதலில் ஆரஞ்சு நிறத்தில் பொங்கிக் குமிழியிடும், மூக்கில் ஏறும். பிறகு குமிழ்கள் சிறுத்து, நிறம் செங்கல் சிவப்புக்கு மாறி, ஓரமாக எண்ணெய் பிரிந்து நிற்கும். அதுதான் பதம். உப்பு அரைத் தேக்கரண்டி, சர்க்கரை ஒரு தேக்கரண்டி போட்டு இறக்குங்கள். பெலாச்சான் (புளிக்கவைத்த இறால் விழுது) பிடிக்கும் என்றால் அரைக்கும்போதே சுண்டைக்காய் அளவு சேர்க்கலாம்.

எண்ணெய் பிரியும் முன் இறக்கினால் மேகி கோரேங்கில் மிளகாயின் பச்சை நெடி தூக்கலாக இருக்கும், வயிறும் எரியும். கடையில் சாப்பிடும்போது காரம் உறைத்தும் நெடி வராமலிருப்பதற்கு இந்த 12 நிமிடம்தான் காரணம். ஆறியதும் கண்ணாடிப் புட்டியில் போட்டு, விழுது மூழ்க மேலே எண்ணெய் விட்டு, குளிர்பெட்டியில் வைத்தால் ஒரு வாரம் தாராளமாக வரும். ஈரக் கரண்டியை மட்டும் உள்ளே விட வேண்டாம்.

மீயை வேகவைப்பது: 90 நொடி

இரண்டு கட்டிக்கு ஒரு லிட்டர் தண்ணீர் வேண்டும். இரண்டு டம்ளர் தண்ணீரில் வேகவைத்தால், கட்டி விழுந்ததுமே கொதி அடங்கிவிடும். கொதி திரும்புவதற்குள் மாவு கரைந்து தண்ணீர் கஞ்சியாகும். அந்தக் கஞ்சி இழைமேல் பூசிக்கொண்டு ஒன்றோடொன்று ஒட்ட வைக்கும். தண்ணீர் தாராளமாக இருந்தால் கொதி நிற்காது, மாவும் விலகும்.

தளதளவென்று கொதிக்கும்போது கட்டிகளை உடைக்காமல் போடுங்கள். உடைத்தால் துண்டு துண்டாகி, சட்டியில் பிரட்டும்போது இன்னும் நொறுங்கும். 45 நொடி அப்படியே விட்டு ஒருமுறை திருப்பிப் போட வேண்டும். மொத்தம் 90 நொடியில் கட்டி தளர்ந்து, சாப்ஸ்டிக்கோ முள்கரண்டியோ நுழைந்தால் இழைகள் பிரியத் தொடங்கும். ஒரு இழையை எடுத்து நகத்தால் கிள்ளிப் பாருங்கள். நடுவில் ஊசிமுனை அளவுக்கு வெள்ளையாக, கடித்தால் தட்டுப்படுகிற மாதிரி இருக்க வேண்டும். வெள்ளைப் புள்ளி மறைந்திருந்தால் தாமதமாகிவிட்டது. ‘இன்னும் வேகவில்லையே’ என்று மனசு சொல்லும், கேட்காதீர்கள். மீதி வேக்காடு சட்டியில், சாஸைக் குடித்துக்கொண்டே நடக்கும்.

உடனே வடிதட்டில் கொட்டி, குழாய்த் தண்ணீரில் 10 நொடி அலசுங்கள். சூடு தணிந்து வேக்காடு நிற்கும், மேலே ஒட்டிய மாவும் போகும். பிறகு வடிதட்டை நன்றாகக் குலுக்கி, அகலத் தட்டில் பரப்பி, ஒரு தேக்கரண்டி எண்ணெய் தடவிப் பிசிறிவிட்டு 5 நிமிடம் ஆற விட வேண்டும். பலர் தவறவிடுவது இந்த 5 நிமிடத்தைத்தான். வடிதட்டிலிருந்து சொட்டச் சொட்ட நேராகச் சட்டிக்குப் போனால், கூடவே அரை டம்ளர் தண்ணீரும் போகும். அப்புறம் எவ்வளவு தீ வைத்தாலும் அது வறுவல் ஆகாது, அவியல்தான்.

மீ ஏற்கெனவே எண்ணெயில் பொரித்தது என்பதால் வேகவைத்த தண்ணீரில் எண்ணெய்த் திவலைகள் மிதப்பதைப் பார்க்கலாம். அந்தத் தண்ணீர் எதற்கும் வேண்டாம், கொட்டிவிடுங்கள். காற்றில் உலர்த்திய, ‘பொரிக்காதது’ என்று போட்ட வகையை வாங்கியிருந்தால் 90 நொடி போதாது. அதில் துளைகள் குறைவு, பாக்கெட்டில் சொன்ன நேரத்தில் ஒரு நிமிடம் குறைத்து எடுங்கள்.

சட்டியில்

கடை அடுப்பின் தீ வீட்டு அடுப்பைப்போலப் பல மடங்கு. அந்தச் சூட்டை நம்மால் கொண்டுவர முடியாது, ஆனால் இருக்கிற சூட்டை வீணாக்காமல் இருக்கலாம். அதற்கு ஒரு தடவைக்கு ஒரு டபுளுக்கு மேல் போடக் கூடாது. நாலு பேருக்கு என்றால் மீயை மொத்தமாக வேகவைத்துக்கொண்டு, வறுப்பதை இரண்டு தடவையாகச் செய்யுங்கள். நாலு கட்டியையும் ஒன்றாகத் தள்ளினால் சட்டி சட்டென்று ஆறிவிடும், காய்கள் தண்ணீர் விட ஆரம்பிக்கும்.

இரும்புச் சட்டி நல்லது. வெறும் சட்டியைப் பெருந்தீயில் வைத்து, மெல்லிய புகை எழும்வரை காயவிட்டுப் பிறகு எண்ணெய் ஊற்றிச் சுழற்றுங்கள். நான்ஸ்டிக் என்றால் இந்த வேலை வேண்டாம். வெறுமனே காய வைத்தால் பூச்சு கெடும். எண்ணெயோடு நடுத்தர தீயில் தொடங்குங்கள், கருகல் வாசனை கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

எல்லாப் பொருளும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். தொடங்கிய பிறகு வெங்காயம் நறுக்கப் போக நேரமில்லை. முதலில் பூண்டும் வெங்காயமும், 20 நொடி. ஓரம் நிறம் மாறியதும் மிளகாய் விழுது ஒன்றரை மேசைக்கரண்டி, எண்ணெய் சிவந்து பிரிய 30 நொடி. அடுத்து இறால். சுருண்டு நிறம் மாற ஒரு நிமிடம், கோழி என்றால் இரண்டு. இப்போது உருளைக்கிழங்கும் டோஃபுவும் போட்டுச் சட்டியில் பரப்பி, ஒரு நிமிடம் கை வைக்காமல் விடுங்கள். கிளறிக்கொண்டே இருந்தால் உருளை மசியும், முறுகாது. தக்காளியும் கீரைத் தண்டும் கடைசி 20 நொடிக்கு. தக்காளி கரைய வேண்டாம். கரைந்தால் அதுவும் தண்ணீர்தான்.

மீயைப் பரப்பிப் போட்டு, கிண்ணத்திலிருக்கும் சாஸைச் சட்டியின் ஓரமாகச் சுற்றி ஊற்றுங்கள். நடு மீயில் ஊற்றினால் விழுந்த இடம் மட்டும் கறுத்து நனையும். ஓரச் சூட்டில் பட்டு இறங்கினால் கிச்சாப்பிலுள்ள சர்க்கரை லேசாக உருகி வாசம் பிடிக்கும், தண்ணீரில் ஒரு பங்கு அப்போதே ஆவியாகும். இரண்டு சட்டுவத்தால் அடியிலிருந்து தூக்கித் தூக்கிப் போட வேண்டும், குத்திக் கிளறக் கூடாது. ஒரு நிமிடத்தில் எல்லா இழையும் ஒரே நிறத்துக்கு வந்துவிடும்.

இப்போது காதைக் கொடுங்கள். சாஸ் விழுந்ததும் சலசலவென்று ஈரச் சத்தம் கேட்டிருக்கும். நிறுத்தி 20 நொடி விட்டால் அது அடங்கி, மெல்லிய படபடப்பாக மாறும், சட்டியடியில் தேங்கியதும் காணாமல் போயிருக்கும். சத்தம் மாறுவதுதான் அடையாளம். கடிகாரத்தைவிட இதை நம்பலாம், ஏனென்றால் அடுப்புக்கு அடுப்பு நேரம் மாறும்.

மீயை ஒரு பக்கம் ஒதுக்கி, காலியான இடத்தில் அரைத் தேக்கரண்டி எண்ணெய் விட்டு ஒரு முட்டையை உடைத்து ஊற்றுங்கள். மஞ்சள் கருவைச் சட்டுவ நுனியால் ஒரு கீறு கீறிவிட்டு, மீயை அதன்மேல் இழுத்து மூடுங்கள். 20 நொடி. முட்டை பொரிகிற வாசனை வந்ததும் புரட்டினால் பாதி துண்டு துண்டாகவும் பாதி மீயோடு ஒட்டிக்கொண்டும் வரும். முட்டையைப் பச்சையாக மீமேல் ஊற்றிக் கலக்கினால் எல்லா இழையிலும் பூசி, சிவப்பு நிறம் வெளுத்து, கொழகொழவென்று ஆகிவிடும்.

கடைசியாகக் கீரை இலையும் தவுகேயும். இரண்டு புரட்டு, 20 நொடி, அடுப்பை அணையுங்கள். தவுகே நறுக்கென்று இருக்க வேண்டும். முன்னாலேயே போட்டால் உப்பு பட்டுத் தண்ணீர் விட்டு, அதுவரை வறட்டி எடுத்ததையெல்லாம் மறுபடி நனைத்துவிடும். இரண்டாவது முட்டையைத் தனியாக, ஓரம் முறுகப் பொரித்து மேலே வைத்தால் அதுதான் தெலோர் மாத்தா. லீமாவை மேசையில் பிழிந்துகொள்ளுங்கள். சட்டியில் பிழிந்தால் வாசம் போய்ப் புளிப்பு மட்டும் நிற்கும்.

சரியாக வராதபோது

சொதசொதவென்று இருந்தால் பெரும்பாலும் 90 நொடி தாண்டியிருக்கும், அல்லது ஆற விட்டிருக்க மாட்டீர்கள். அந்தத் தட்டைக் காப்பாற்ற வழி உண்டு. காய்களை வெளியே எடுத்துவிட்டு, மீயை மட்டும் சட்டியில் அடையாகப் பரப்பி, கிளறாமல் நடுத்தர தீயில் 2 நிமிடம் விட்டு, திருப்பிப் போட்டு இன்னொரு நிமிடம். மேலும் கீழும் முறுகி, நடுவில் மெத்தென்று, வேறு பலகாரமாக வரும், நன்றாகவே இருக்கும்.

மீ கட்டி கட்டியாக வந்தால் எண்ணெய் தடவாமல் ஆற விட்டதுதான் காரணம். கையால் இழுக்காதீர்கள், ஒரு மேசைக்கரண்டி வெந்நீர் தெளித்தால் தளரும்.

கசந்தால் கிச்சாப் கருகியிருக்கும். அதில் சர்க்கரை அதிகம், சட்டியில் தனியாக ஊற்றி நேரம் கொடுத்தால் அடிபிடிக்கும். ஊற்றிய அடுத்த நொடி மீ அதன்மேல் புரள வேண்டும். உப்பு கூடிவிட்டால் தண்ணீர் ஊற்றாதீர்கள். இன்னொரு முட்டையோ, மிச்சமிருக்கும் உருளையோ சேர்த்து, லீமாவைத் தாராளமாகப் பிழிந்துகொள்ளுங்கள்.

கிச்சாப் மானிஸ் கிடைக்காத ஊரில்

கறுப்பு சோயா சாஸ் 2 பங்கு, பொடித்த வெல்லமோ கருப்பட்டியோ 2 பங்கு, சிறு தீயில் 3 நிமிடம் பாகுபோலக் காய்ச்சி ஆற வைத்தால் கிட்டத்தட்ட வரும். சாவிக்குப் பதில் முட்டைக்கோஸ் போடலாம், கீரைத் தண்டு போடும் நேரத்திலேயே. லீமாவுக்கு எலுமிச்சை சரி, ஆனால் பாதி மூடி போதும்.

தவுகேயில்தான் கவனம். சுண்டலுக்கு வீட்டில் முளைகட்டுகிற பச்சைப்பயறு வேறு பதம். அதில் முளை அரை அங்குலம்தான் இருக்கும், பயறு கெட்டியாக நிற்கும், 20 நொடியில் வேகாது. விரல் நீளத்துக்கு வெள்ளைத் தண்டு வளர்ந்த முளைதான் தவுகே. அது இல்லையென்றால் விட்டுவிடுங்கள், சுண்டல் பயறைப் போட வேண்டாம். இந்தியாவில் விற்கும் மசாலா சுவைப் பாக்கெட்டில் செய்தால் கறி வாசம் குறையும். சாஸ் கிண்ணத்தில் மீன்குழம்புக்குப் போடுகிற குழம்புப் பொடி அரைத் தேக்கரண்டி கலந்துகொள்ளுங்கள். சைவமாக வேண்டுமென்றால் இறாலையும் பெலாச்சானையும் முட்டையையும் விட்டு டோஃபுவை இரட்டிப்பாக்கினால் போதும். பாக்கெட்டில் சைவக் குறி இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள்.

கட்டிக் கொடுப்பதானால் சுடச்சுட டப்பாவில் அடைத்து மூடாதீர்கள். ஆவி மூடியில் பட்டுத் திரும்பச் சொட்டி மீயை ஊற வைக்கும். 3 நிமிடம் திறந்து வைத்து, லீமாவைத் தனியே ஒரு ஓரத்தில் வைத்து மூடுங்கள். மறுபடி சூடு பண்ணுகிறவர் தண்ணீர் தெளிக்காமல், வெறும் சட்டியில் அரைத் தேக்கரண்டி எண்ணெயோடு ஒரு நிமிடம் புரட்டினால் போதும்.